ஒரே ஒரு முறை கேட்டேன்

அவரிடம் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும். காபி வேண்டுமா என்பதானாலும் சரி, காரில் கொண்டுபோய் விடட்டுமா என்பதானாலும் சரி, மூன்று முறை. முதல் முறை கேட்டால் "இருக்கட்டுங்க" என்பார். இரண்டாம் முறை கேட்டால் "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்ல மாட்டார், லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் தயங்காமல் டம்ளரைக் கையில் கொடுத்துவிடலாம்.

இது அவருடைய தனிக் குணமா, ஊர்க் குணமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் மரியாதைக்குப் பெயர் போனவர்கள். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. நான் சாத்தூர்க்காரன். எங்கள் பக்கமும் விருந்துக்குப் போனால் ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்போம்தான். ஆனால் சொன்ன வாய் மூடுவதற்குள் இலை முன்னால் உட்கார்ந்திருப்போம்.

கலிபோர்னியாவில், சன்னிவேலில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு அவர் முதன்முதலாக வந்தபோது என் மனைவிக்கு இந்த விவரம் தெரியாது. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். இருக்கட்டுங்க என்றார். சரி என்று அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய மனைவி போனில் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த மனுஷருக்கு நாலு மணிக்குக் காபி இறங்காவிட்டால் தலை பிளந்துவிடும், வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார் என்று. அன்றிலிருந்து என் மனைவி அவர் செருப்பைக் கழற்றும்போது ஒரு முறை, சோபாவில் உட்காரும்போது ஒரு முறை, அடுப்பு முன்னால் நின்றபடி ஒரு முறை என்று மூன்றையும் மளமளவென்று முடித்துவிடுவாள்.

ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வர வேண்டியவர் போன் செய்தார். வருவதற்குக் கொஞ்சம் லேட்டாகும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பின்னணியில் லாரிகள் பறக்கும் சத்தம் கேட்டதால் நானாகத்தான் துருவித் துருவிக் கேட்டேன். டயர் வெடித்து ஃப்ரீவே ஓரத்தில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரம். போன் செய்தது உதவிக்கு அல்ல, லேட்டானதற்கு மன்னிப்புக் கேட்க. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டுமா என்று மூன்று முறை கேட்டுச் சடங்கை முடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆனால் அடுத்தவர் வேண்டாம் என்று சொன்னால் அவர் விட மாட்டார். எங்கள் மகள் பிறந்தபோது ஊரிலிருந்து யாராலும் வர முடியவில்லை. மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. அவர் போன் செய்து ஒத்தாசை ஏதாவது வேண்டுமா என்றார். நான் ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன் என்றேன். ஒன்றையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குழந்தைக்கான கார் சீட் பெட்டியோடு பிரிக்காமல் டிக்கியில் கிடந்தது. அதைக் காரில் பூட்டியிருந்தால்தான் ஆஸ்பத்திரியில் குழந்தையை வெளியே விடுவார்கள் என்பது எனக்கு டிஸ்சார்ஜ் அன்று காலையில்தான் உறைத்தது. கீழே இறங்கிப் போனால் பார்க்கிங் லாட்டில் அவர் நிற்கிறார். ஆகஸ்ட் வெயில். அரை மணி நேரம் பின் சீட்டில் முழங்காலிட்டுப் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பூட்டினார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கூச்சத்தில் நான்தான் வேண்டாம் என்று சொன்னேனே என்றேன்.

"எடுத்ததும் வேணும்னு யாருங்க சொல்லுவாங்க?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் காதாரக் கேட்டேன். புரிந்துகொண்டேன். பல பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அப்போது நாங்கள் சான்டா கிளாராவில் ஒரே கம்பெனியில் இருந்தோம். வேலையில் அவர் என்னைவிட எவ்வளவோ மேல். நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கோளாறை அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்தார். மேனேஜருக்கு மெயில் போடும்போது கண்டுபிடித்தது நான் என்று எழுதிவிட்டார். நானும் திருத்தவில்லை. அந்த வருஷம் எனக்கு ப்ரமோஷன் வந்தது. பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறினேன், அவர் அங்கேயே இருந்தார். நாங்கள் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் சனிக்கிழமை மலை நடையில்தான் என்றாகிவிட்டது.

அந்த நடைக் குழுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டு இருபது பேர், எல்லாரும் தமிழ் ஆட்கள், ஒரு வாட்ஸாப் குரூப். எங்கள் லீடர் சென்னைக்காரர். கழுத்தில் விசில் தொங்கும், ஏறப்போகிற மலையின் வரலாற்றை முதல் நாளே படித்துக்கொண்டு வந்து ஒப்பிப்பார். நடக்கும்போது நாங்கள் பேசாத விஷயம் கிடையாது. எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், யாருடைய கிரீன் கார்டு எந்த வருஷத்தில் நிற்கிறது, எந்தக் கடையில் முருங்கைக்காய் பிஞ்சாகக் கிடைக்கிறது, எல்லாம் பேசுவோம். ஒன்றே ஒன்றை மட்டும் பேச மாட்டோம். ஒருவருக்கு வேலை போய்விட்டால் அவர் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் உள்ளூர இருந்திருக்கலாம்.

அவருக்கு வேலை போனது ஒரு செப்டம்பர் கடைசியில். பதினான்கு வருஷம் இருந்த இடம். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு அதன் பிறகு அறுபது நாள்தான். அதற்குள் வேறொரு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் அவர் நின்ற வருஷங்கள் அந்தக் கணக்கில் செல்லாது. மூன்று வயதில் இங்கே வந்த மகள் ஹைஸ்கூல் கடைசி வருஷத்தில் இருந்தாள். ஜூனில் பள்ளி முடியும். அந்த ஜூன் வரைக்குமாவது அவளை இங்கே வைத்திருக்க வேண்டும், அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதையும் அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

அறுபதில் இருபத்தாறாவது நாள், அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, சான் ஹோசேவுக்குத் தெற்கே பாதரசச் சுரங்கங்கள் இருந்த மலைக்குப் போனோம். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மனைவியோடும் மகளோடும் வந்தார். கையில் பெரிய ஹாட் பேக் நிறையத் தக்காளி சாதம். எல்லாரும் வழக்கத்தைவிடச் சத்தமாக வணக்கம் சொன்னோம்.

இலையுதிர்காலம் வந்தால் நியூ ஜெர்சி நண்பர்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் படம் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள். எங்கள் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை. மலை முழுக்கக் காய்ந்த புல், நடுநடுவே ஓக் மரங்கள். பாதையோரம் ஆங்காங்கே பழைய சுரங்க வாசல்கள். எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் லீடர் விசில் ஊதி நிறுத்தினார். இந்த மலையில் வெட்டியெடுத்த சிவப்புக் கல்லைச் சூளையில் சுட்டுத்தான் பாதரசம் எடுத்தார்கள், அந்தப் பாதரசத்தை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கலிபோர்னியாவில் தங்கத்தைப் பிரித்தார்கள் என்று பாடம் நடத்தினார். எங்கிருந்தெல்லாமோ பிழைக்க வந்தவர்கள் மலை மேலேயே வீடு கட்டி, பள்ளிக்கூடம் வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். சுரங்கம் படுத்ததும் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று யாரோ கேட்டார்கள். லீடர் அங்கிருந்த பலகையை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு அதில் போடவில்லை என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் கோபிக்காரர் நின்ற பக்கம் திரும்பவில்லை.

அடுத்த திருப்பத்தில் ஒரு புதர் மட்டும் செக்கச்செவேலென்று நின்றது. என் மனைவிக்குத் தாங்கவில்லை. கடைசியில் நமக்கும் ஒரு ஃபால் கலர் கிடைத்தது என்று ஒரு கொத்தை ஒடித்துக் கன்னத்தோடு வைத்துப் படம் எடுக்கப்போனாள். பின்னாலிருந்து ஒரு கத்தல் கேட்டது. கீழே போடுங்க, மூஞ்சியில வைக்காதீங்க என்று அவர்தான் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. அது பாய்சன் ஓக். பட்ட இடமெல்லாம் தடித்து மூன்று வாரம் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பையிலிருந்த சோப்பை எடுத்துக் கொடுத்து, தன் பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவள் கையில் ஊற்றிக் கழுவ வைத்தார்.

அதற்கு மேல் ஏற்றம். பத்து மணிக்கே வெயில் சுட்டது. அவரிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் பாட்டிலை நீட்டினேன். இருக்கட்டுங்க என்றார். மறுபடி நீட்டினேன். உங்களுக்கு வேண்டாமுங்களா என்றார். மூன்றாவது முறை கையில் திணித்தேன், வாங்கிக் குடித்தார். ஆக, மூன்று முறை கேட்க வேண்டும் என்பது அன்று காலை பத்து மணிக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அவர் குடித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரு சுரங்க வாசலில் நின்றோம். கம்பிக் கதவு வழியாக உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

எங்கள் டீமில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரியான வேலை. நான் ரெஃபர் செய்தால் அந்தச் சிபாரிசு நேராக என் மேனேஜரிடம் போகும். அவருக்கு வேலை போனது தெரிந்த நாளிலிருந்து இது என் மனதில் இருந்தது. அந்த நாளிலிருந்தே சொல்லாமலும் இருந்தேன். எங்கள் கம்பெனியிலும் ஆட்குறைப்பு இன்னொரு ரவுண்டு வரும் என்று பேச்சு அடிபட்டது. என் கிரீன் கார்டும் வரிசையில்தான் நின்றது. அவர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் யாருடைய வேலை எப்படி என்பது மேனேஜருக்கு ஆறே மாதத்தில் விளங்கிவிடும். இரண்டு பேரில் ஒருவரை அனுப்ப வேண்டும் என்றால் அது நான்தான். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இருந்தும் அந்த நேரத்தில் என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"எங்க டீம்ல ஒரு ஓப்பனிங் இருக்கு அண்ணா. ரெஃபர் பண்ணட்டுமா?"

"இருக்கட்டுங்க" என்றார்.

சொல்லிவிட்டு அவர் நடக்கவில்லை. பாட்டில் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். கண் கம்பிக் கதவின் மேல் இருந்தது. அவர் அடுத்த கேள்விக்காக நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே மழுப்பாமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரியும். அதே சமயம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கேட்டாயிற்று, வேண்டாம் என்றுவிட்டார், இனி என் மேல் பழி இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சரிண்ணா" என்றேன்.

மேலே விசில் ஊதினார்கள். குரூப் போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன். அவர் கொஞ்சம் பின்னால் வந்தார்.

மதியம் கீழே இறங்கி மரத்தடி மேஜைகளில் சாப்பிட உட்கார்ந்தோம். அவருடைய மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், இஸ் யுவர் கம்பெனி ஹையரிங்?"

நாங்கள் இத்தனை பேரும் ஒரு மாதமாகச் சுற்றிச் சுற்றிப் போன இடத்தில் அந்தப் பெண் நேராகக் கால் வைத்துவிட்டாள்.

"அப்பாகிட்ட கேட்டேம்மா. வேண்டாம்னுட்டாரு" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஹி ஆல்வேஸ் சேஸ் நோ, அங்கிள். யூ நோ தட்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அங்கிளத் தொந்தரவு பண்ணாத கண்ணு. அவங்க பாத்துச் சொல்லுவாங்க" என்றார். மகளைப் பார்த்துச் சொன்னாலும் அது எனக்குச் சொன்னதுதான். அந்த வேலை தனக்கு வேண்டும் என்பதை அதைவிட வெளிப்படையாகச் சொல்ல அந்த மனிதருக்கு வராது. நான் தக்காளி சாதத்தில் கிடந்த கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் என் மனைவி பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை கேட்டால் அவர் எப்படி ஒத்துக்கொள்வார், அவரைப் பற்றித் தெரியாதா, திரும்பக் கேளுங்கள் என்றாள். திங்கட்கிழமை கேட்கிறேன் என்றேன். திங்கட்கிழமை ஆபீஸில் ரெஃபரல் பக்கத்தைத் திறந்தேன். அதற்கு அவர் சம்மதம்கூட வேண்டியதில்லை. பெயரும் மெயில் முகவரியும் போட்டு அனுப்பினால் போதும், மீதியைக் கம்பெனியே கேட்டுக்கொள்ளும். பெயரை அடித்தேன். முகவரி எனக்கு மனப்பாடம், அதையும் அடித்தேன். பட்டனை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்தை மூடினேன். வியாழக்கிழமை மனைவி மறுபடி கேட்டாள். கேட்டேன், வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறாராம் என்றேன். அது பச்சைப் பொய்.

எல்லாரும் பயந்த அந்த இரண்டாவது ரவுண்டு வரவேயில்லை. எங்கள் டீமின் காலியிடம் பொங்கல் தாண்டியும் காலியாகவே இருந்தது. சரியான ஆள் கிடைக்கவில்லை என்று மேனேஜர் கடைசியில் அந்த இடத்தையே எடுத்துவிட்டார். குழுவில் இப்போதும் எப்போதாவது அவர் பேச்சு வரும். தங்கமான மனுஷன், ஆனால் கொஞ்சம் வீம்பு, வலிய வந்த வேலையை வேண்டாம் என்றவர்தானே என்பார்கள். சாட்சிக்கு என்னைக் கைகாட்டுவார்கள். நான் இல்லை என்று சொன்னதில்லை.

அவர் இப்போது கோவையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். மகள் அங்கே பாதியில் போய்ச் சேர்ந்து, புதுப் பாடத்திட்டத்தில் திணறி, ஒரு வருஷம் தள்ளித்தான் கல்லூரிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு அவரிடமிருந்து தவறாமல் வாழ்த்து வரும். மகள் மட்டும் எங்கள் வீட்டு விஷயம் எதுவும் கேட்பதில்லையாம்.

அவர்கள் கிளம்பியது நவம்பர் கடைசி வாரத்தில், பகல் ஃப்ளைட். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவர் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டிகளை இறக்கி வைத்ததும் மகள் ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவர் மட்டும் நின்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"குரூப்ல இத்தன பேர் இருந்தும் நீங்க ஒருத்தர்தாங்க வாயத் தொறந்து கேட்டீங்க. மத்தவங்க யாரும் கேக்கவே இல்லீங்க. நாந்தான் சட்டுனு வேண்டாம்னு சொல்லிப்புட்டேன், அது என்ற தப்புங்க. நீங்க கேட்டத மறக்க மாட்டனுங்க."

அப்போதுகூட நேரம் இருந்தது. இல்லை அண்ணா, தப்பு உங்களுடையது இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வேலை திரும்பி வந்திருக்காது, ஆனால் அந்தப் பழியை அவர் கடல் தாண்டிச் சுமந்துகொண்டு போகாமலாவது இருந்திருப்பார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கண்ணா என்றேன். அவர் சொன்ன நன்றியை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.